கரியமில வாயு: நம் நாட்டின் எழுபது ஆண்டுக் கணக்கு

(பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு)

முன்னுரை

சென்ற தீபாவளிக்குச் சென்னையிலிருந்து என் அத்தை மகள் எங்கள் வீட்டிற்கு வந்திருந்தாள். அனைவரும் அமர்ந்து உணவருந்திக்கொண்டிருந்த வேளையில், "உலகம் இப்படிச் சூடாவதற்கு உங்கள் ஊர் பட்டாசுதானே காரணம்!" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். என் தந்தை சிவகாசியை அடுத்த ஒரு பட்டாசு ஆலையில் இருபது ஆண்டுகளாக வேலை செய்பவர். அவர் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. இலையைப் பார்த்தபடியே சாப்பிட்டு எழுந்துவிட்டார். எனக்குத்தான் முகம் சிவந்துவிட்டது.

விடுமுறை முடிந்ததும் எங்கள் அறிவியல் சிஸ்டரிடம் சென்று முறையிட்டேன். "கோபப்பட்டு என்ன பயன்? உனக்குத்தான் கணக்கு நன்றாக வருமே, போட்டுப் பார். விடை உன் பக்கம் வந்தாலும் எழுது; எதிர்ப்பக்கம் வந்தாலும் எழுது" என்றார்கள். அவ்வாறு போட்ட கணக்கே இக்கட்டுரை. தோழியரே, உங்களுக்கும் ஒரு தாளும் பேனாவும் தேவைப்படும்.

கரியமில வாயுவும் வெப்பமும்

கரி எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து கரியமில வாயு ஆகிறது. கார்பன் டை ஆக்சைடு என்று நம் பாடநூல் கூறுவது இதனையே. 12 கிராம் கார்பன் 32 கிராம் ஆக்சிஜனுடன் சேர்ந்து 44 கிராம் கரியமில வாயுவைத் தரும். ஆகவே ஒரு டன் தூய கார்பன் எரிந்தால் ஏறத்தாழ 3.67 டன் வாயு வெளிப்படும். அடுப்பில் இட்ட கரியைவிட அதன் வாயு எடை மிகுந்தது என்பது எனக்கு முதலில் வியப்பாகவே இருந்தது.

இவ்வாயு சூரிய ஒளியை உள்ளே விடும். ஆனால் நிலத்திலிருந்து திரும்பும் வெப்பத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும். உலைப்பானையின் மூடி தீயைக் கூட்டுவதில்லை. இருக்கும் சூட்டை வெளியேறவிடாமல் காக்கிறது. கரியமில வாயுவும் அப்படித்தான். இதனை 1856-ஆம் ஆண்டிலேயே சோதனை செய்து காட்டியவர் யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி. கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி அவர் வெயிலில் வைத்தார். கரியமில வாயு இருந்த குழாயே மிகுதியாகச் சூடேறியது. 1859-இல் ஜான் டின்டால் வாயுக்கள் வெப்பத்தை ஈர்ப்பதைக் கருவி கொண்டு அளந்தார். 1896-இல் சுவீடன் நாட்டு அறிஞர் அர்ரீனியஸ், இவ்வாயு பெருகினால் பூமி எவ்வளவு சூடேறும் என்று கையாலேயே கணக்கிட்டார். 1958-இல் சார்லஸ் கீலிங் என்பவர் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் நாள்தோறும் இதனை அளக்கத் தொடங்கினார். அப்போது காற்றின் பத்து லட்சம் பங்கில் 315 பங்கு இவ்வாயு இருந்தது. 2024-இல் அது ஏறத்தாழ 424 பங்காகிவிட்டது. ஆலைகளும் நீராவி எந்திரங்களும் பெருகுவதற்கு முன் இருந்த அளவு 280 பங்குதான்.

இங்கு ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். நம் ஊர்க் கண்மாய்க்கு நீர் வரும் வரத்துக்கால் பெரிதாகவும், வெளியேறும் மடை சிறிதாகவும் இருந்தால் என்ன ஆகும்? வரத்து கூடாவிட்டாலும் கண்மாயின் நீர்மட்டம் ஏறிக்கொண்டே போகும். காற்றில் கலந்த கரியமில வாயுவில் ஒரு பகுதியைக் கடலும் காடும் உறிஞ்சிக்கொள்கின்றன. எஞ்சியது நூற்றாண்டுக் கணக்கில் தங்கிவிடுகிறது. ஆகவே இந்த ஆண்டு எவ்வளவு விட்டோம் என்பதோடு, இதுவரை யார் எவ்வளவு விட்டார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எழுபது ஆண்டுக் கணக்கு

நிலக்கரி, பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஆகியவற்றை எரிப்பதாலும், சிமெண்டு செய்வதாலும் இந்தியாவிலிருந்து வெளிப்பட்ட கரியமில வாயுவின் அளவைக் கீழே தருகிறேன். இவை தோராயமான எண்கள். காடு அழிவதும் கால்நடைகளும் இதில் சேரவில்லை.

1950 — 6 முதல் 7 கோடி டன்
1970 — 19 கோடி டன்
1990 — 58 கோடி டன்
2000 — 98 கோடி டன்
2010 — 168 கோடி டன்
2019 — 260 கோடி டன்
2020 — 242 கோடி டன்
2023 — 306 கோடி டன்

1950-க்கும் 2023-க்கும் இடையே ஏறத்தாழ 45 மடங்கு கூடியுள்ளது. இது ஏன்? மக்கள்தொகை பெருகியதுதான் காரணம் என்று நானும் முதலில் எண்ணினேன். 1951-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாம் 36 கோடிப் பேர். இன்று 140 கோடிக்கும் மேல். அது நான்கு மடங்குதான். எஞ்சிய பதினொரு மடங்கு, ஒவ்வொருவரும் பயன்படுத்தும் எரிபொருள் கூடியதால் வந்தது. நான்கைப் பதினொன்றால் பெருக்கினால் 44. கணக்கு நேராகிவிட்டது.

அந்தப் பதினொரு மடங்கு எங்கே போயிற்று என்று எங்கள் அப்பத்தாவைக் கேட்டால் தெரியும். அவர் சிறுமியாக இருந்தபோது வீட்டில் சிம்னி விளக்குதான். மணமாகி வந்த பிறகே வீட்டிற்கு மின்சாரம் வந்ததாம். "படிக்கணும்னு ஆசை இருந்துச்சு, மண்ணெண்ணெய் இல்ல" என்பார்.

நம் விருதுநகர் மண்ணில் பிறந்த பெருந்தலைவர் காமராஜர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தார். பள்ளிகளையும் மதிய உணவையும் அவருடைய சாதனைகளாகப் படிக்கிறோம். அதே காலத்தில்தான், 1956-இல், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1962-இல் அங்கு அனல் மின்சாரம் உற்பத்தியாயிற்று. 1979-இல் நம் அண்டை ஊரான தூத்துக்குடியிலும் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1960-களின் தொடக்கத்தில் துலுக்கப்பட்டியை அடுத்த ராமசாமி ராஜா நகரிலும், 1970-இல் ஆலங்குளத்திலும் சிமெண்டு ஆலைகள் எழுந்தன. சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடும்போது, 100 கிலோ தூய கல்லில் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கரியமில வாயுவாகிப் போய்விடும். சூளைக்கு இடும் எரிபொருளின் புகை இதற்கு மேல் தனி. இதே ஆலைகளும் அணைகளும் மின்கம்பங்களும்தாம் அப்பத்தாவின் சிம்னி விளக்கை அணைத்தன. நான் இரவில் படிக்கும் வெளிச்சமும் அந்த 45 மடங்கிற்குள் அடங்கும். ஆகவே இந்த எண்ணைக் குற்றப்பட்டியல் என்று மட்டும் வாசிக்க என்னால் இயலவில்லை.

பட்டாசின் பங்கு எவ்வளவு?

இனி அத்தை மகளின் கேள்விக்கு வருவோம். கருமருந்தில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் என்பது பழைய கலவை. ஒரு கிலோ கருமருந்தில் கரி 150 கிராம். அது முழுவதும் தூய கார்பன் என்றே வைத்து, முழுவதும் எரிந்ததாகவே கொண்டாலும் 550 கிராம் வாயுதான் வரும். அந்தக் கரியும் மரத்திலிருந்து எடுப்பது. நம் பக்கத்தில் சீமைக் கருவேலத்தை மூட்டம் போட்டுக் கரி எடுப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மரம் வளரும்போது காற்றிலிருந்து எடுத்ததைத்தான் அது திருப்பித் தருகிறது. நிலக்கரியோ பல கோடி ஆண்டுகளாக மண்ணுக்குள் புதைந்து கிடந்தது.

மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்திற்குச் சராசரியாக 700 கிராம் கரியமில வாயு வெளிப்படுகிறது. 75 வாட் மின்விசிறி ஒன்று 13 மணி நேரம் சுழன்றால் ஒரு யூனிட் ஆகிவிடும். அதாவது ஒரு கிலோ கருமருந்தைக் காட்டிலும், ஓர் இரவும் காலையும் சுழலும் மின்விசிறியே மிகுதியான வாயுவுக்குக் காரணமாகிறது!

இதைக் கண்டதும் துள்ளிக் குதித்துக்கொண்டு சிஸ்டரிடம் ஓடினேன். அவர்கள் படித்துவிட்டு, "வெள்ளை ஒளி தரும் வெடிகளில் கரியே இல்லையே, அதில் என்ன இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார்கள். அதில் இருப்பது அலுமினியப் பொடி. மாலையில் வீடு திரும்பும் என் தந்தையின் விரல் இடுக்குகளில் வெள்ளிபோல் மின்னிக்கொண்டிருப்பது அதுதான். அலுமினியம் எரிந்தால் கரியமில வாயு வராது. ஆனால் தாதுவிலிருந்து ஒரு கிலோ அலுமினியத்தைப் பிரித்தெடுக்க ஏறத்தாழ 14 யூனிட் மின்சாரம் வேண்டும். அப்படியானால் 10 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வேறெங்கோ ஓர் அனல்மின் நிலையப் புகைபோக்கி வழியாகப் போயிருக்கிறது. ஓடிய வேகத்திலேயே திரும்பி வந்து கணக்கைத் திருத்தினேன்.

எங்கள் வீட்டில் தீபாவளிக்கு வெடித்தவற்றில் காகிதம் நீங்கலாக மருந்து 2 கிலோ என்றும், அதில் அலுமினியம் அரைக் கிலோ என்றும் சற்றுக் கூட்டியே வைத்துக்கொண்டேன். கரிக்கும் அலுமினியத்திற்கும் சேர்த்து 6 அல்லது 7 கிலோ கரியமில வாயு வருகிறது. எங்கள் வீட்டில் இரண்டு மாதத்திற்கு 220 யூனிட் மின்சாரம் செலவாகிறது. ஆகவே தீபாவளிப் பட்டாசு முழுவதும் எங்கள் வீட்டின் மூன்று நாள் மின்சாரத்திற்கு ஏறத்தாழ ஈடு. காகிதம் செய்யவும் லாரியில் ஏற்றவும் ஆகும் எரிபொருளை நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் சற்றுக் கூடும்.

உலகம் சூடாவதற்குப் பட்டாசே காரணம் என்பது கணக்கில் நிற்கவில்லை. ஆயினும் பட்டாசு குற்றமற்றது என்றும் நான் எழுத முடியாது. அதன் புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடும் நுண்ணிய தூசியும் மூச்சுக்குத் தீங்கானவை. அதனால்தான் உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. நாகபுரியிலுள்ள நீரி ஆய்வு நிறுவனம் தூசி குறைந்த பசுமைப் பட்டாசுக்கு வழி கண்டது. அத்தீர்ப்பிற்குப் பின் சில மாதங்கள் ஆலைகள் மூடிக் கிடந்ததும், எங்கள் வீட்டில் அடகுக்கடைச் சீட்டுகள் சேர்ந்ததும் எனக்கு நினைவிருக்கிறது. புகை என்பது ஒரு கேள்வி. பூமியின் சூடு என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் இரண்டிற்கும் விடை கிடைக்காது.

பிற நாடுகளும் நாமும்

மொத்த அளவில் சீனா, அமெரிக்கா ஆகிய நாடுகளுக்கு அடுத்து இந்தியா மூன்றாம் இடத்தில் உள்ளது. ஆனால் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் படம் மாறிவிடுகிறது. 2023-இல் அமெரிக்கர் ஒருவருக்குச் சுமார் 14 டன். சீனருக்குச் சுமார் 8 டன். உலகச் சராசரி 5 டன்னுக்குச் சற்றுக் குறைவு. இந்தியருக்குச் சுமார் 2 டன். தொடக்கம் முதல் இன்றுவரை கண்மாயில் சேர்ந்ததைப் பங்கிட்டால், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அமெரிக்காவினுடையது. நம் பங்கு நூற்றுக்கு மூன்று அல்லது நான்குதான்.

ஏறியது இறங்காதா என்ற ஐயம் எழலாம். இங்கிலாந்தைப் பாருங்கள். 1882-இல் இலண்டனில் நிலக்கரி மின் நிலையத்தைத் திறந்த நாடு அது. 1970-களின் தொடக்கத்தில் அதன் அளவு உச்சத்தைத் தொட்டுப் பின் இறங்கலாயிற்று. 2024 செப்டம்பர் 30 அன்று தன் கடைசி நிலக்கரி மின் நிலையத்தையும் மூடிவிட்டது. ஆனால் அதற்கு 142 ஆண்டுகள் ஆயின. நமக்கு அவ்வளவு கால அவகாசம் இல்லை.

ஒரு வீட்டுக் கணக்கு

எங்கள் வீட்டில் ஐவர். ஆண்டுக்கு மின்சாரம் 1,320 யூனிட். அதற்கு 924 கிலோ வாயு. சமையல் எரிவாயு உருளை ஒன்றுக்கு 42 கிலோ வீதம் ஒன்பது உருளைகளுக்கு 378 கிலோ. தந்தையின் வண்டிக்கு மாதம் 10 லிட்டர் பெட்ரோல்; லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் ஆண்டுக்கு 276 கிலோ. மொத்தம் 1,578 கிலோ. தலைக்கு 316 கிலோ. பட்டாசு இதில் நூற்றுக்கு அரைப் பங்கு கூட இல்லை.

இந்தியச் சராசரியோ 2,000 கிலோ. மீதி எங்கே? இரும்பிலும் சிமெண்டிலும் சாலையிலும் லாரியிலும் உரத்திலும் இருக்கிறது. எங்களைவிடப் பன்மடங்கு செலவிடும் பெரிய வீடுகளிலும் இருக்கிறது. சராசரி என்பது அனைவருக்கும் பொதுவான எண்போல் தோன்றும். ஆனால் அதற்குள் குளிர்சாதன அறையும் உண்டு, ஒற்றை விளக்கும் உண்டு.

2020 சொன்ன பாடம்

மேலே தந்த பட்டியலில் ஒரே ஓர் இடத்தில் எண் இறங்கியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது 2020. கொரோனா ஊரடங்கால் ஆலைகளும் வண்டிகளும் நின்றன. கரியமில வாயு நூற்றுக்கு ஏழு பங்கு குறைந்தது. அப்போது எனக்குப் பத்து வயது. வானம் தெளிவாக இருந்தது; மேற்கே மலை பளிச்சென்று தெரிந்தது. அப்பா வேலையின்றித் திண்ணையில் அமர்ந்திருந்தார். அந்த மலையையும் அந்தத் திண்ணையையும் நான் சேர்த்தே நினைக்கிறேன். வேலையை நிறுத்தி வாயுவைக் குறைப்பது நோயாளியைப் பட்டினி போட்டு எடையைக் குறைப்பது போன்றது. மறு ஆண்டே எண் மீண்டும் ஏறிவிட்டது.

செய்ய வேண்டுவன

வேலையும் வெளிச்சமும் குறையாமல் வாயு மட்டும் குறைய வேண்டும். அதற்கு வழி நம் தென்பாண்டிச் சீமையிலேயே இருக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பர். அந்தக் காற்றை 1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் மின்சாரமாக்கத் தொடங்கினர். இன்று முப்பந்தல், ஆரல்வாய்மொழி, கயத்தாறு எனக் காற்றாலைகள் பரவி, தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. 2016-இல் அண்டை மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. நம் வெயிலை நாம் சபித்துக்கொண்டிருந்தோம். அதுவே விளைச்சல் ஆயிற்று.

2025-ஆம் ஆண்டின் நடுவில், நாட்டின் மின் நிலையங்களின் மொத்தத் திறனில் பாதி நிலக்கரி, எரிவாயு போன்றவை சாராதது என்ற நிலையை எட்டினோம். ஆனால் திறன் வேறு, உற்பத்தி வேறு. சூரியன் மாலையில் மறைகிறது; காற்று ஐப்பசியில் தளர்கிறது. ஆகவே உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியினுடையதே. 2024-25-ஆம் ஆண்டில் நாம் வெட்டிய நிலக்கரி 100 கோடி டன்னைத் தாண்டியது. பகலில் கிடைக்கும் மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்கும் வழியே இனி நாம் கற்க வேண்டிய பெரிய பாடம். நம்மில் சிலர் பொறியாளர்களாகி அதனைச் செய்ய வேண்டும்.

வீட்டிலும் செய்யத்தக்கவை உண்டு. குண்டு பல்புக்குப் பதில் எல்.இ.டி. விளக்கு, 75 வாட் விசிறிக்குப் பதில் 30 வாட் அளவில் சுழலும் புதுவகை விசிறி. பழைய அலுமினியப் பாத்திரத்தை எறியாமல் எடைக்குப் போடுவதும் இதில் சேரும். உருக்கி மீண்டும் வார்க்க, புதிதாக எடுப்பதற்கு ஆகும் மின்சாரத்தில் இருபதில் ஒரு பங்கே போதும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில் இப்பூமியை நம் பொது இல்லம் என்றார். பொது இல்லத்தில் விளக்கை அணைப்பது யார் வேலை என்று கேட்டுக்கொண்டிருந்தால் யாரும் அணைக்கமாட்டார்கள்.

முடிவுரை

சூடு கூடினால் முதலில் வருந்துவது நம்மைப் போன்ற வறண்ட ஊர்களே. மருந்து கலக்கும் வேலையை வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும் என்பது இங்கே அனைவரும் அறிந்த பாடம். காலை நேரமே கொதித்தால் அந்த வேலையை எப்போது செய்வது? மழை பெய்தால் பட்டாசு காயாது. அன்று கூலியும் இல்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஒரு மழையை மட்டும் வைத்து உலகக் கணக்கை முடிக்கக்கூடாது. ஆனால் ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு மிகுதியான ஈரத்தைத் தாங்கும் என்பது இயற்பியல்.

2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில், 2070-ஆம் ஆண்டிற்குள் இந்தியா தான் விடும் அளவையும் மீட்டெடுக்கும் அளவையும் சமமாக்கும் என்று நம் நாடு வாக்களித்தது. அந்த ஆண்டில் எனக்கு வயது அறுபது. இன்று என் அப்பத்தா சிம்னி விளக்கைப் பற்றிச் சொல்வதுபோல், நிலக்கரியைப் பற்றி நான் என் பேத்தியிடம் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

இக்கணக்கு முழுவதையும் அத்தை மகளுக்கு எழுதி அனுப்பினேன். "பட்டாசைப் பற்றி நான் சொன்னது தவறு; மாமாவிடம் சொல்லிவிடு. எங்கள் வீட்டில் இரண்டு ஏ.சி. இருக்கின்றன, அந்தக் கணக்கையும் போட்டுத் தா" என்று பதில் வந்தது. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் பட்டாசுப் பகுதியை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தம் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பொடிக்குள்ள இவ்வளவு கரண்டா இருக்கு?" என்றார். பிறகு எழுந்து சென்று, யாரும் இல்லாத அறையில் சுழன்றுகொண்டிருந்த விசிறியை நிறுத்திவிட்டு வந்தார்.